உச்செல்லோவின் பிரளய ஓவியம் ஏன் அவ்வளவு நெரிசலாக இருக்கிறது?

புளோரன்ஸ் நகரின் சாந்தா மரியா நொவெல்லா மடத்தில் 15ஆம் நூற்றாண்டு ஓவியர் பாவ்லோ உச்செல்லோ வரைந்த நோவாவின் பிரளயக் காட்சியைப் படங்களில் பார்த்த நண்பர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: “எங்கே பார்ப்பது, எது முக்கியம் என்றே தெரியவில்லை. பர்ஸ்பெக்டிவ் மோகத்தில் உச்செல்லோ தம் திறமையை வீணடித்தார் என்று ஓவியர்களின் வரலாற்றை எழுதிய வசாரி குறிப்பிட்டது இந்த ஓவியத்தைப் பொறுத்தவரை சரிதானே?”

சரியில்லை என்பதே என் பதில். உச்செல்லோவுக்குத் தொலைவைக் கணக்கிட்டு வரையும் கலையில் அளவு கடந்த பித்து இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. அந்தப் பித்து அவருடைய சில படங்களைக் கெடுத்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தச் சுவரில் அந்தக் கணக்கு கதைக்குக் குறுக்கே வரவில்லை, கதையையே அதுதான் சொல்கிறது. நீங்கள் குழப்பம் என்று உணர்ந்தது ஓவியர் திட்டமிட்டு உண்டாக்கிய நெரிசல் என்று நான் கருதுகிறேன். அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் இடத்தைப் பற்றி. சாந்தா மரியா நொவெல்லா தொமினிக்கன் துறவிகளின் மடம். அதன் முற்றங்களுள் ஒன்றுக்குப் பச்சை முற்றம் என்று பெயர் வந்ததற்குக் காரணம் அங்கே வளரும் புல் அல்ல. சுற்றுத் தாழ்வாரத்தின் சுவர்களில் ஆதியாகமக் காட்சிகளைத் தீட்டப் பெரும்பாலும் பயன்பட்ட பச்சை மண் நிறமே காரணம். நீலக்கல்லும் பொன்னும் மின்னும் பீடப் படங்களோடு ஒப்பிட்டால் இது மலிவான, அடக்கமான நிறம். துறவிகள் நாள்தோறும் நடந்து போகும் தாழ்வாரத்திற்குப் பொருத்தமானதும்கூட. உச்செல்லோ இங்கே இரு வேறு காலங்களில் வேலை செய்தார். விலங்குகளும் ஆதாமும் படைக்கப்படும் காட்சிகள் முந்தியவை. பிரளயக் காட்சி 1440களைச் சேர்ந்தது. 1447ஐ ஒட்டியது என்று பலரும் கொள்கிறார்கள். மேலே வளைந்த அரைவட்டப் பகுதியில் ஏறத்தாழ 215 செ.மீ. உயரமும் 510 செ.மீ. அகலமும் கொண்டதாக அது அமைந்திருக்கிறது. அதன் கீழே நோவாவின் பலியும், அவர் திராட்சரசம் குடித்து மயங்கிய கதையும் வருகின்றன.

ஓவியத்தைப் பார்த்ததும் வரும் முதல் தடுமாற்றம், நோவாவின் குடும்பம் ஏறித் தப்பிய மரக்கலமான பேழை ஏன் இரண்டாகத் தெரிகிறது என்பதுதான். இரண்டும் ஒரே பேழை. இடப்பக்கம் மழையும் காற்றும் கொந்தளிக்கும் வேளை. வலப்பக்கம் வெள்ளம் வடிந்துவிட்ட வேளை. ஒரே சட்டத்திற்குள் இரண்டு நேரங்களைக் காட்டுவது அக்காலத்துக்குப் புதிதல்ல, பழைய ஓவியர்கள் எல்லாரும் செய்ததுதான். ஆனால் அவர்கள் நடுவில் ஒரு பாறையையோ மரத்தையோ தூணையோ வைத்து இரு காட்சிகளையும் பிரித்துவிடுவார்கள். உச்செல்லோ பிரிக்கவில்லை. பேழையின் இரு பக்கவாட்டுச் சுவர்களை எதிரெதிரே நிறுத்தி, அவற்றின் பலகைக் கோடுகளை ஓவியத்தின் ஆழத்தை நோக்கி விரைந்தோட விட்டு, நடுவே குறுகிய சந்து ஒன்றை உண்டாக்கியிருக்கிறார். சந்தின் மறுகோடியில் மின்னல் வெட்டுகிறது. காற்று மரத்தை முறித்து இலைகளைச் சிதறடிக்கிறது. பிரளயத்தின் தொடக்கமும் முடிவும் அந்த ஒரே சந்துக்குள் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன.

இடப்பக்கத்தைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். ஒருவன் குதிரைமேல் இருந்தபடி வாளை ஓங்குகிறான். அவனுக்கு எதிரே இன்னொருவன் உருட்டுத்தடியோடு நிற்கிறான். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் இருவரும் ஏன் சண்டையிடுகிறார்கள்? பூமி கொடுமையால் நிறைந்திருந்தது என்று ஆதியாகமம் 6ஆம் அதிகாரம் சொல்வதை உச்செல்லோ வார்த்தைக்கு வார்த்தை எடுத்துக்கொண்டார் என்றே எனக்குப் படுகிறது. சாவு கழுத்தளவு வந்த பிறகும் அடித்துக்கொள்கிறவர்கள் இவர்கள். பேழையின் பலகையை விரல்களால் பற்றிக்கொண்டு தொங்குகிறான் ஒருவன். ஒருவன் பீப்பாய்க்குள் புகுந்து மிதக்கிறான். உடல்கள் திமிறியும் முறுக்கிக்கொண்டும் இருக்கின்றன. யாரும் யாருக்கும் கை கொடுக்கவில்லை.

வலப்பக்கத்தில் ஓசை அடங்கிவிட்டது. ஈரத் தரையில் பிணங்கள் கிடக்கின்றன. தண்ணீர் குடித்து உப்பிய ஒரு சிறுவனின் உடல் வில்போல வளைந்திருக்கிறது. இன்னொரு பிணத்தின் கண்ணைக் காகம் ஒன்று கொத்துகிறது. பேழையிலிருந்து நோவா முதலில் வெளியே விட்ட பறவை காகம் என்பதும், அது நற்செய்தி எதையும் கொண்டுவரவில்லை என்பதும் விவிலியம் படித்தவர்களுக்குத் தெரியும். பிணம் தின்னக் கிடைத்ததால்தான் அது திரும்பவில்லை என்பது கிறித்தவ மரபில் நெடுங்காலம் வழங்கிய விளக்கம். அந்த விளக்கத்தைத்தான் உச்செல்லோ கண்ணெதிரே நிறுத்தியிருக்கிறார். அதற்கு மேலே, பேழையின் சாளரத்திலிருந்து நோவா உடலை வெளியே நீட்டிப் புறாவை எதிர்கொள்கிறார். நம்பிக்கை மேலே, அழுகல் கீழே. இரண்டுக்கும் இடையில் சில முழத் தொலைவுதான்.

இனி பர்ஸ்பெக்டிவ். தூரத்தில் உள்ளது சிறியதாகத் தெரியும் என்பதை எந்த ஓவியரும் கண்ணால் அறிவார். எந்தத் தூரத்தில் எவ்வளவு சிறியதாகத் தெரியும் என்பதைக் கணிதமாக்கியது 15ஆம் நூற்றாண்டு புளோரன்ஸ். கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி புனித யோவான் திருமுழுக்கு ஆலயத்தை ஒரு சிறு பலகையில் வரைந்து, அதில் துளையிட்டு, பின்புறமிருந்து அத்துளை வழியாகக் கண்ணாடியில் பிம்பத்தைப் பார்க்கச் செய்து இதை நிரூபித்துக் காட்டினார். 1435இல் அறிஞர் ஆல்பர்ட்டி ஓவியக் கலை பற்றிய தமது நூலில் அதை விதிகளாக எழுதிவைத்தார்: பார்ப்பவரின் கண்ணுக்கு நேரே ஒரு புள்ளி, ஆழத்தை நோக்கிச் செல்லும் இணைகோடுகள் எல்லாம் அந்தப் புள்ளியில் கூட வேண்டும், படம் ஒரு திறந்த சாளரம். ஒரு காட்சிக்கு ஒன்பது பத்துப் பேர் இருந்தால் போதும் என்றும் அவர் கருதினார். ஆல்பர்ட்டிக்கு இந்தக் கணிதம் ஒழுங்கின் மறுபெயர்.

அந்த ஒழுங்கு எப்படி இருக்கும் என்று பார்க்க வேறு ஊருக்குப் போக வேண்டாம். அதே மடத்தின் ஆலயத்துக்குள், 1427ஐ ஒட்டி மசாச்சோ வரைந்த திருத்துவ ஓவியம் இருக்கிறது. நிற்பவரின் கண் மட்டத்தில், சிலுவையின் அடியில் கோடுகள் கூடுகின்றன. சுவர் உள்வாங்கி ஒரு சிற்றாலயமாகத் திறந்துகொள்கிறது. அதன் முன் நிற்கும்போது உலகம் அளவெடுத்துக் கட்டப்பட்டது, நமக்கும் அதில் ஓர் உறுதியான இடம் உண்டு என்ற நிம்மதி வருகிறது.

அங்கிருந்து முற்றத்துக்கு வந்து உச்செல்லோவின் சுவரைப் பார்த்தால், அதே கணிதம் நேர் எதிரான வேலையைச் செய்வது தெரியும். இங்கே கோடுகள் நமக்கு இடம் ஒதுக்கவில்லை, நம்மை உள்ளே இழுக்கின்றன. பலகைகள் அளவுக்கு மீறிய வேகத்தில் குறுகுகின்றன. முன்னால் நிற்கும் மனிதர் பேருருவமாகவும், சற்றுப் பின்னால் இருப்பவர் பொம்மை அளவிலும் இருப்பதால் நடுவிலுள்ள தூரம் கண்ணுக்குப் பிடிபடாமல் நழுவுகிறது. வெள்ளத்தில் சிக்கியவனுக்குக் கரை எவ்வளவு தூரம் என்பது பிடிபடாது. அந்த நிலையை அளவுகோல் கொண்டு வரைந்திருக்கிறார் இவர். உங்களுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் போனதற்கு இதுவே காரணம். அந்த மனிதர்களுக்கும் தெரியவில்லை.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. பேழையின் நீளம் 300 முழம், அகலம் 50 முழம், உயரம் 30 முழம் என்று ஆதியாகமம் கணக்குச் சொல்கிறது. காப்பாற்றப்பட்ட எட்டுப் பேரும் அந்த மரக்கூட்டுக்குள் இருக்கிறார்கள். இந்தக் கதையை வரையும் ஓவியருக்கு, பேழையைக் கப்பலாகத் தூரத்தில் மிதக்கவிட்டு, பார்ப்பவரை உயரத்தில் பத்திரமாக நிறுத்துவதுதான் எளிய வழி. உச்செல்லோ நம்மைப் பேழையின் வெளிச்சுவரை ஒட்டி, தண்ணீரின் மட்டத்திலேயே நிறுத்திவிட்டார். இடப்பக்கத்தில் நமக்குத் தெரிவதெல்லாம் திறக்காத பலகைச் சுவர் ஒன்றுதான். மடத்துத் துறவி ஒருவர் செபம் சொல்லிக்கொண்டே அந்தத் தாழ்வாரத்தில் நடந்து வந்து இதன் முன் நின்றால், தாம் எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்பதை உணராமல் இருந்திருக்க மாட்டார். வெறும் வித்தை காட்ட நினைத்தவர் தேர்ந்தெடுக்கும் கோணம் இதுவல்ல.

வித்தையே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. தடியேந்தியவனின் கழுத்தைப் பாருங்கள். கறுப்பும் வெள்ளையும் கட்டம் கட்டமாகப் போட்ட வளையம் ஒன்று தொங்குகிறது. அது மத்ஸோக்கியோ. புளோரன்ஸ் ஆண்கள் அணிந்த பெரிய தலைப்பாகைத் துணிக்கு உள்ளே வடிவம் கொடுக்க வைக்கும் வளையம். நம்மூரில் குடத்தைத் தலையில் வைக்குமுன் சுருட்டி வைக்கும் சும்மாட்டை நினைத்துக்கொண்டால் உருவம் பிடிபடும். அதைப் பல பட்டைகளாக வெட்டியதுபோல் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பட்டையும் பார்வைக்கு எப்படித் திரும்பித் தெரியும் என்று கணக்கிட்டு வரைவதைவிடக் கடினமான பயிற்சி அக்காலத்தில் இல்லை. அவர் பெயரில் வழங்கும் மத்ஸோக்கியோ வரைபடங்கள் உஃபிஸி, லூவர் காட்சியகங்களில் இருக்கின்றன. கம்பி வலையால் பின்னியதுபோல், முன்புறமும் பின்புறமும் ஒருங்கே தெரிபவை. சான் ரொமானோ போர்க்களப் பலகைகளிலும் இந்த வளையத்தை நுழைத்துவிட்டார் என்றால் அதன்மேல் அவருக்கு இருந்த ஆசையை ஊகித்துக்கொள்ளலாம். ஆயினும் பிரளயத்தில் அது இருக்கும் இடத்தைப் பாருங்கள்: தலையில் இருக்க வேண்டிய ஆடம்பரப் பொருள் நழுவிக் கழுத்தில் விழுந்து, பயனற்ற மிதவைபோல் தொங்குகிறது. கணிதப் பயிற்சியும் கதையும் இதைவிடக் கச்சிதமாக ஒட்டிக்கொண்ட இடம் அவர் ஓவியங்களில் வேறு இல்லை என்பேன்.

வசாரிக்கு வருவோம். 1550இலும், விரிவாக்கிய வடிவில் 1568இலும் வெளிவந்த அவருடைய ஓவியர் வரலாறுதான் உச்செல்லோவைப் பைத்தியக்காரராக நமக்கு அறிமுகப்படுத்தியது. இரவெல்லாம் கோடு போட்டுக்கொண்டிருப்பாராம். மனைவி படுக்கைக்கு அழைத்தால் ‘இந்தப் பர்ஸ்பெக்டிவ்தான் எவ்வளவு இனியது!’ என்பாராம். எழுபத்திரண்டு முகங்கள் கொண்ட கோளங்களை வரைந்து காட்டியபோது, நண்பரான சிற்பி தொனாத்தெல்லோ, இவையெல்லாம் மரத்தில் பதிப்பு வேலை செய்பவர்களுக்குத்தான் உதவும் என்று கடிந்துகொண்டாராம். எனக்கு மிகவும் பிடித்தது பாலாடைக்கட்டிக் கதை. சான் மினியாத்தோ மடத்தில் ஓவியம் தீட்டிக்கொண்டிருந்தபோது மடத்தலைவர் வேளாவேளைக்குப் பாலாடைக்கட்டியையே போட்டதால் உச்செல்லோ வேலையை விட்டு ஓடிவிட்டார். துறவிகளைத் தெருவில் கண்டாலே ஓட்டம் எடுத்தார். கடைசியில் பிடிபட்டபோது, ‘என் உடம்பே பாலாடைக்கட்டி ஆகிவிட்டது, தச்சர்கள் கண்டால் என்னைப் பிசைந்து பசை ஆக்கிவிடுவார்கள்’ என்றாராம். பாலாடைக்கட்டியிலிருந்து தச்சர்கள் பசை செய்தது உண்மை என்பதால் நகைச்சுவையும் கச்சிதமாகவே இருக்கிறது.

ஆனால் இவை உச்செல்லோ இறந்து முக்கால் நூற்றாண்டு கழிந்தபின் எழுதப்பட்ட கதைகள் என்பதை மறக்கக் கூடாது. வசாரிக்கு ஒரு கட்சி இருந்தது: கலை படிப்படியாக வளர்ந்து மிக்கேலாஞ்சலோவிடம் முழுமை அடைந்தது என்பது. அந்த ஏணியில் உச்செல்லோவுக்கு ‘ஒரு படியிலேயே சிக்கிக்கொண்டவர்’ என்ற வேடம் தேவைப்பட்டது. அவருடைய தீர்ப்புகளை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கு ஒரு சான்று மட்டும் சொல்கிறேன். முன்னே சொன்ன மசாச்சோவின் திருத்துவ ஓவியத்தை 1570இல் புதிய பீடம் ஒன்றை எழுப்பி மறைத்தவர் இதே வசாரிதான். 19ஆம் நூற்றாண்டில்தான் அது மீண்டும் வெளிப்பட்டது. இன்னொரு பக்கம், அவருக்கு நியாயமும் செய்ய வேண்டும். இந்தப் பிரளயக் காட்சியை அவர் இகழவில்லை. புயலையும் மின்னலையும் முறியும் மரங்களையும் மனிதரின் திகிலையும் காகம் கொத்தும் பிணத்தையும் உப்பிய சிறுவனையும் தனித்தனியே எடுத்துப் பாராட்டியிருக்கிறார். உச்செல்லோவைப் பற்றிய அவருடைய பொதுவான குறையை இந்த ஓவியத்தின்மேல் ஏற்றுவதற்கு அவரே இடம் தரவில்லை.

ஆவணங்கள் காட்டும் உச்செல்லோ வேறு மாதிரியானவர். இயற்பெயர் பாவ்லோ தி தோனோ. 1397ஐ ஒட்டிப் பிறந்தவர். முடிதிருத்துபவரும் ரண வைத்தியருமான ஒருவரின் மகன். இளமையில் சிற்பி கிபெர்ட்டியின் பட்டறையில் பயின்று, 1415இல் ஓவியர்கள் சேரும் தொழிற்சங்கத்தில் உறுப்பினரானார். வெனிஸ் சென்று சான் மார்க்கோவில் மொசைக் வேலை செய்தார். புளோரன்ஸ் பேராலயம் அவரை நம்பி வேலை கொடுத்தது: 1436இல் ஆங்கிலேயப் படைத்தலைவர் ஜான் ஹாக்வுட்டின் குதிரைச் சிலை போன்ற சுவரோவியம், பின்னர் கடிகார முகப்பு, வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள். ஹாக்வுட் ஓவியத்தின் முதல் வடிவம் சரியில்லை என்று அழிக்கச் சொன்னார்கள். அவர் மீண்டும் வரைந்தார். அந்த ஓவியத்தில் பீடத்தைக் கீழிருந்து பார்ப்பதுபோலவும், குதிரையையும் வீரரையும் நேரே பார்ப்பதுபோலவும் அமைத்திருக்கிறார். ஒரே புள்ளி என்ற விதி தெரியாதவர் செய்த பிழை அல்ல அது. குதிரையைக் கீழிருந்து காட்டினால் வயிறுதான் தெரியும், வீரரின் முகம் மறைந்துவிடும். விதியை எங்கே விட்டுவிட வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அவர் எப்படி வேலை செய்தார் என்பதற்கு மிக நெருக்கமான சாட்சி, சான் மார்த்தினோ அல்லா ஸ்காலாவில் அவர் வரைந்த கிறிஸ்து பிறப்புக் காட்சியின் அடிக்கோட்டு வரைபடம். சுவரோவியம் தீட்டுபவர்கள் கரடுமுரடான முதல் பூச்சின்மேல் சிவப்பு மண்ணால் மாதிரி வரைந்து, அதன்மேல் அன்றைக்கு எவ்வளவு தீட்ட முடியுமோ அவ்வளவுக்கு மட்டும் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு பூசி, அது காய்வதற்குள் வண்ணம் ஏற்றுவார்கள். மேற்பூச்சைப் பெயர்த்து எடுத்தபோது அடியிலிருந்த மாதிரி வெளிப்பட்டது. பிறப்பு நிகழ்ந்த கொட்டிலைவிடத் தரையின் கட்டங்களும், நடுவிலும் இரு ஓரங்களிலும் உள்ள புள்ளிகளை நோக்கி ஓடும் கோடுகளுமே அதில் ஓங்கித் தெரிகின்றன. சிலந்தி வலைபோல முதலில் வெளியைக் கட்டி, பிறகே அதற்குள் ஆட்களைக் குடியேற்றியிருக்கிறார். பித்து என்று வேண்டுமானால் இதைச் சொல்லுங்கள்; ஆனால் பொழுதுபோக்கு என்று சொல்லாதீர்கள்.

இந்தப் பித்து தோற்ற இடமும் அருகிலேயே இருக்கிறது. பிரளயத்துக்குக் கீழேயுள்ள பலிக் காட்சியில், வானிலிருந்து இறங்கும் கடவுளைத் தலை உள்ளேயும் கால்கள் நம் பக்கமுமாகக் குறுக்கி வரைந்திருக்கிறார். சுவரைத் துளைத்துக்கொண்டு போவதுபோல் இருக்கிறது என்று வசாரி வியந்தார். எனக்கோ, நன்றிப் பலி செலுத்தும் குடும்பத்தை மறந்துவிட்டுக் கடவுளின் உடம்பை எப்படி மடக்கினார் என்று யோசிக்கத்தான் தோன்றுகிறது. அங்கே உங்கள் குறை பொருந்தும்.

வறுமையில் முடிந்த வாழ்க்கை என்று வசாரி சொன்னதில் மட்டும் உண்மை இருக்கிறது. 1469ஆம் ஆண்டு வரிக்கணக்கில், தமக்கு வயதாகிவிட்டது, மனைவி நோயுற்றிருக்கிறார், இனி வேலை செய்ய இயலாது என்று உச்செல்லோவே எழுதிக்கொடுத்தார். 1475இல் இறந்தார்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்போம். இந்தச் சித்திரத்தின் கதை அதையும் புரட்டிவிட்டது. திறந்த முற்றத்தின் ஈரமும் வெயிலும் வண்ணத்தை உதிர்த்ததால், சித்திரத்தைக் காப்பாற்ற அதைச் சுவரிலிருந்தே பெயர்த்தெடுக்க வேண்டியதாயிற்று. போதாக்குறைக்கு, 1966 நவம்பர் 4ஆம் நாள் ஆர்னோ ஆறு கரைபுரண்டு புளோரன்ஸை மூழ்கடித்தபோது பச்சை முற்றமும் தப்பவில்லை. பிரளய ஓவியத்துக்கே பிரளயம் வந்தது என்று சொல்லாத வழிகாட்டிகள் அந்த ஊரில் குறைவு. இன்று பல இடங்கள் தேய்ந்து வெளிறிப் போயிருக்கின்றன. அச்சுப் படங்களில் நீங்கள் கண்ட குழப்பத்தில் ஒரு பங்கு இந்தத் தேய்மானத்தால் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மீண்டும் பார்க்கும்போது ஒன்று செய்யுங்கள். மின்னலிலிருந்து தொடங்கி, சந்தின் வழியாக முன்னோக்கி வாருங்கள். வலப்பக்கம் முன்னணியில், நீண்ட அங்கி அணிந்த உயரமான ஒருவர் ஒரு கையை உயர்த்தி நிற்கிறார். அவர் நோவாவே என்பாரும், அந்தக் காலத்துப் பெருமகன் ஒருவரின் உருவம் என்பாரும் உண்டு. வழக்கு இன்னும் தீரவில்லை. எல்லாரும் அவருடைய முகத்தைத்தான் ஆராய்கிறார்கள். நீங்கள் அவருடைய கால்களைப் பாருங்கள். தண்ணீரிலிருந்து இரண்டு கைகள் நீண்டு அவருடைய கணுக்கால்களைப் பற்றியிருக்கின்றன. அவர் குனிந்து பார்க்கவில்லை.